பல்லைப் பிடுங்க யாரிடம் கேட்பது? 18 வயதுக்குக் கீழிருப்பவரின் மருத்துவச் சம்மதம்

பல் வலியோடு வந்த 15 வயதுப் பெண்ணிடம் மருத்துவர் வலி எங்கே, எத்தனை நாளாக, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறதா என்றெல்லாம் விசாரிப்பார். பிடுங்கிவிடலாமா என்பதை மட்டும் பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் கேட்பார். வாயும் வலியும் அவளுடையவை, அனுமதி மட்டும் இன்னொருவருடையது. இது யாரையும் உறுத்துவதில்லை. பெரும்பாலும் அந்தப் பெண்ணையே உறுத்துவதில்லை. பல்லின் இடத்தில் வேறொன்றை வைத்துப் பாருங்கள். அவள் கேட்பது கருத்தடை மாத்திரையாக இருந்தால்? பல மாதங்களாகத் தூக்கமில்லை, சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்ல வந்திருந்தால்? அவள் கையிலுள்ள காயத்துக்குக் காரணமானவரே கையெழுத்துப் போடக் காத்திருப்பவராக இருந்தால்?

இந்தக் கேள்விகளுக்குச் சட்டங்கள் தரும் விடைகளைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். சட்டப் புத்தகங்களில் ‘இளவர்’ என்றும் பேச்சில் ‘மைனர்’ என்றும் சொல்லப்படுகிறவர், அதாவது சட்டம் வகுத்த முழு வயதை இன்னும் எட்டாதவர், தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாமா?

முதலில் சம்மதம் என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலர் அதை ஒப்புதல் படிவத்தின் அடியில் போடும் கையெழுத்து என்று நினைக்கிறார்கள். கையெழுத்து சம்மதத்தின் சாட்சி, அவ்வளவுதான். ஒருவரின் உடம்பை அவர் விருப்பமில்லாமல் தொடுவதும் கீறுவதும் குற்றம். அதே கத்தியைக் குற்றமில்லாததாக்குவது அவருடைய சம்மதம். அந்தச் சம்மதம் செல்ல வேண்டுமானால், என்ன செய்யப்போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைப் புரிந்துகொண்டு எடைபோடும் திறன் அவருக்கு இருக்க வேண்டும். யாரும் அவரை மிரட்டியோ நெருக்கியோ ‘சரி’ சொல்ல வைத்திருக்கக் கூடாது. வயது வந்தவரிடம் இந்தத் திறன் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இளவரிடம் இது தலைகீழ். திறன் இல்லை என்பதே தொடக்கப் புள்ளி. ஆகவே பெற்றோரோ காப்பாளரோ அவருக்காகச் சம்மதம் தருகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் தவறில்லை. 4 வயதுக் குழந்தையிடம் ஊசி போடலாமா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சிக்கல் 4 வயதில் இல்லை. 14-இலும் 16-இலும் இருக்கிறது. 18 என்ற கோடு சரிபார்க்க வசதியான கோடு. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மூளை பிறந்தநாள் கேக் வெட்டுவதற்காகக் காத்திருந்து முதிர்வதில்லை.

பெற்றோரின் உரிமை எத்தகையது என்பதை 1969-இல் ஆங்கிலேய நீதிபதி டென்னிங் ஒரு வழக்கில் அழகாகச் சொன்னார். அது தேய்ந்துகொண்டே போகும் உரிமை, கட்டுப்பாட்டில் தொடங்கி வெறும் அறிவுரையில் முடிகிறது என்றார். நல்ல உவமையெல்லாம் தேவைப்படாத வாக்கியம். எந்த இடத்தில் கட்டுப்பாடு முடிந்து அறிவுரை தொடங்குகிறது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அதைச் சொல்ல இன்னொரு வழக்கு வந்தது. உலகில் இந்தப் பேச்சு எங்கே எழுந்தாலும் அந்த வழக்கின் பெயர் வந்துவிடும்: கில்லிக்.

1980-இல் இங்கிலாந்தின் சுகாதாரத் துறை மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. 16 வயது நிரம்பாத பெண் கருத்தடை ஆலோசனை கேட்டு வந்தால், அவளைப் பெற்றோரிடம் பேசச் சொல்லித் தூண்ட வேண்டும். ஆனால் அசாதாரணச் சூழலில் பெற்றோருக்குத் தெரியாமலும் மருத்துவர் உதவலாம் என்பது அதன் சாரம். 10 குழந்தைகளின் தாயான விக்டோரியா கில்லிக் இதைப் படித்துக் கொதித்தார். தன் அனுமதியில்லாமல் தன் மகள்களுக்கு இப்படி எதுவும் தரமாட்டோம் என்று உள்ளூர் சுகாதார நிர்வாகம் உறுதி தர வேண்டும் என்றார். நிர்வாகம் மறுத்தது. அவர் நீதிமன்றம் போனார்.

1983-இல் ஒற்றை நீதிபதி முன் தோற்றார். 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூவரும் ஒருமித்து அவர் பக்கம் நின்றார்கள். 1985-இல் அன்றைய உச்சநிலை நீதிமன்றமான பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கூட்டிப் பார்த்தால் வழக்கைக் கேட்ட 9 நீதிபதிகளில் 5 பேர் அவரை ஆதரித்திருக்கிறார்கள். ஆனாலும் அவர் தோற்றார். கடைசிப் படியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் வழக்குகளில் கணக்கு. சட்ட மாணவர்கள் இந்த எண்ணிக்கையை ரசித்துச் சொல்வதுண்டு. இந்தக் கொள்கை எத்தனை நூலிழையில் பிழைத்தது என்பதை அது காட்டுவதால் நானும் சொல்கிறேன்.

தீர்ப்பில் ஸ்கார்மன் பிரபு சொன்னதுதான் இன்று ‘கில்லிக் தகுதி’ எனப்படுகிறது. தனக்குச் செய்யப்போவதை முழுமையாகப் புரிந்துகொள்ளும் அளவு அறிவும் விளக்கமும் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால், அந்த விஷயத்தில் முடிவெடுக்கும் பெற்றோரின் உரிமை விலகிக்கொள்கிறது. வயது இங்கே ஒரு குறிப்புதான். ஃப்ரேசர் பிரபு கருத்தடை விஷயத்துக்கென்று தனியாகச் சில நிபந்தனைகளை வைத்தார். அவள் ஆலோசனையைப் புரிந்துகொள்கிறாளா? பெற்றோரிடம் சொல்லும்படி எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அவள் இணங்கவில்லையா? மருந்து தந்தாலும் தராவிட்டாலும் அவள் உறவில் ஈடுபடத்தான் போகிறாளா? தராவிட்டால் அவள் உடல்நலமோ மனநலமோ கெடுமா? அவளுடைய நன்மைக்கு இதுதான் வழியா? எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றால் மருத்துவர் உதவலாம். இந்த இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்பவர்கள் மருத்துவத் துறையிலேயே உண்டு. ஸ்கார்மன் சொன்னது எந்தச் சிகிச்சைக்கும் பொருந்தும் அளவுகோல். ஃப்ரேசர் சொன்னது ஒரு குறிப்பிட்ட விஷயத்துக்கான வழிமுறை.

கில்லிக் தகுதி ஒரு சான்றிதழ் அல்ல. ஒருமுறை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக, அந்தந்த நேரத்தில் பார்க்க வேண்டியது. விழுந்து முழங்கை கிழிந்த 12 வயதுப் பையன் தையல் போடச் சம்மதிக்கலாம். அதே பையன் இதய அறுவைச் சிகிச்சையின் ஆபத்துகளை எடைபோட முடியாமல் போகலாம். நேற்றுத் தெளிவாகப் பேசிய பெண் இன்று காய்ச்சலின் உச்சத்தில் எதையும் யோசிக்க முடியாதவளாக இருக்கலாம்.

இதை மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பது? ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். பள்ளிக்கூடம் கற்றுத்தந்த முதல் தற்காப்பு அதுதான். ‘நான் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லு, இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நீ நினைக்கிறாய்?’ என்று கேட்க வேண்டும். லோயிஸ் வெய்தார்ன், சூசன் கேம்ப்பெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. 9, 14, 18, 21 வயதினரிடம் கற்பனையான மருத்துவச் சிக்கல்களைக் கொடுத்து முடிவெடுக்கச் சொன்னார்கள். 14 வயதினர் பெரியவர்களுக்குச் சமமாகவே யோசித்தார்கள். 9 வயதினரால் காரண காரியங்களை அந்த அளவுக்கு அலச முடியவில்லை. ஆனால் அவர்களும் பெரும்பாலும் நியாயமான முடிவுக்கே வந்தார்கள். ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் நோயில்லாத பிள்ளைகள், சிக்கல்கள் காகிதத்தில் இருந்தவை. வலியும் பயமும் சூழ்ந்த கட்டிலில் யோசிப்பது வேறு. அது பெரியவர்களுக்கும் வேறுதான் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

வெவ்வேறு நாடுகள் இந்தக் கோட்டை வெவ்வேறு இடங்களில் போட்டிருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 வயதானவர் தானே சம்மதிக்கலாம். அதற்குக் கீழே கில்லிக். ஸ்காட்லாந்து 1991-இல் சட்டமாகவே எழுதிவைத்தது: சிகிச்சையின் தன்மையையும் விளைவுகளையும் புரிந்துகொள்ளக்கூடியவர் என்று மருத்துவர் கருதினால், 16-க்குக் கீழே இருப்பவரின் சம்மதமும் செல்லும். ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 1992-இல் கில்லிக்கை ஏற்றுக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் துணிந்து 12 என்கிறது. 12 வயதும் போதிய முதிர்ச்சியும் இருந்தால் சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம், அறுவைச் சிகிச்சைக்குப் பெற்றோரின் துணையும் வேண்டும்.

இந்தியாவில் முழு வயது 18. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமோ, 12 வயதுக்குக் கீழிருப்பவரின் சம்மதம் பொதுவாகச் செல்லாது என்றும், அவருடைய நன்மைக்காகச் செய்வதற்குக் காப்பாளரின் சம்மதம் போதும் என்றும் வகுத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இதே வயதை வைத்துக்கொண்டது. ஆக 12-க்கும் 18-க்கும் இடையே ஒரு மங்கலான பகுதி இருக்கிறது. மருத்துவமனைகள் வம்பு வேண்டாமென்று 18-ஐப் பிடித்துக்கொள்கின்றன. கருக்கலைப்புக்கு மங்கல் இல்லை: 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே காப்பாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் கட்டாயம். ஆனால் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தில் ஒரு வியப்பான பிரிவு உண்டு. அந்த நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திக்கொண்டிருக்கும், போதிய விளக்கமுள்ள 12 வயதுப் பிள்ளை, தன் தம்பி தங்கையின் சிகிச்சைக்குக் காப்பாளராக நிற்கலாம். அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் 12 வயது அக்காதான் அம்மா என்பதைச் சட்டம் பார்த்திருக்கிறது.

அமெரிக்கா இதில் தனி ரகம். நாடு முழுமைக்கும் ஒரே விதி கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொதுவாக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, ஆள் யார் என்பது: திருமணமானவர், ராணுவத்தில் இருப்பவர், நீதிமன்றத்தால் பெற்றோரின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டவர் ஆகியோரைப் பல மாநிலங்கள் வயது வந்தவராகவே நடத்துகின்றன. மற்றொன்று, சிகிச்சை என்ன என்பது: பால்வினை நோய்ப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் இளவர் தானே சம்மதிக்க ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வகையில் இடம் தருகின்றன. சில மாநிலங்கள் அதற்குக் குறைந்தபட்ச வயது வைத்திருக்கின்றன. போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, மனநல ஆலோசனை, கருத்தடை போன்றவற்றுக்கும் பல இடங்களில் இப்படி வழி உண்டு.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. பால்வினை நோய்க்கு மருந்து கேட்கும் 14 வயதுப் பெண் தானே சம்மதிக்கலாம். காது வலிக்கு மருந்து கேட்டால் அம்மாவை அழைத்து வா என்பார்கள். காதைவிட அந்த நோயைப் பற்றி அவளுக்கு அதிகம் தெரியும் என்றா சட்டம் நினைத்தது? இல்லை. காது வலிக்கு அவள் அம்மாவிடம் சொல்லிவிடுவாள். மற்றதைச் சொல்ல வேண்டும் என்றால் வரவே மாட்டாள். நோய் முற்றும், இன்னொருவருக்குப் பரவும். ஆகவே கதவைத் திறந்து வைத்தார்கள். கில்லிக் வழி பிள்ளையின் அறிவைப் பார்த்துத் திறக்கிறது. இந்த வழி அவள் பயத்தைப் பார்த்துத் திறக்கிறது. இரண்டையும் ‘இளவர் உரிமை’ என்ற ஒரே பெயரால் அழைத்தாலும் காரணங்கள் வேறு. சட்டமன்றங்களில் நடக்கும் சண்டைகள் பாதி இந்தக் குழப்பத்தில் பிறப்பவை என்பது என் எண்ணம்.

உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் இந்தக் கேள்விகளே எழுவதில்லை. பெற்றோரைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம். ஏறத்தாழ எல்லா நாட்டுச் சட்டங்களும் இதில் ஒத்துப்போகின்றன.

இனி, புதிதாகப் படிப்பவர்கள் எதிர்பார்க்காத இடத்துக்கு வருவோம். சம்மதிக்கும் உரிமை இருந்தால் மறுக்கும் உரிமையும் இருக்கும் என்றுதானே நினைப்போம்? ‘ஆம்’ சொல்லத் தெரிந்தவருக்கு ‘இல்லை’ சொல்லவும் தெரியும். ஆனால் இளவரின் ‘ஆம்’ கனக்கும் அளவுக்கு அவருடைய ‘இல்லை’ கனப்பதில்லை.

1991-இல் இங்கிலாந்தில், மனநோய் வருவதும் போவதுமாக இருந்த 15 வயதுப் பெண் மருந்து வேண்டாம் என்ற வழக்கில் டொனால்ட்சன் பிரபு ஒரு சாவி உவமை சொன்னார். சிகிச்சை என்னும் கதவுக்குப் பிள்ளையிடம் ஒரு சாவி, பெற்றோரிடம் ஒரு சாவி. யார் திறந்தாலும் கதவு திறக்கும் என்றார். அடுத்த ஆண்டே, பசியற்ற உளநோயால் உணவை மறுத்த 16 வயதுப் பெண்ணின் வழக்கு வந்தது. அதில் அவர் தன் உவமைக்கு வருந்தினார். சாவியால் திறக்க மட்டுமல்ல, பூட்டவும் முடியுமே! சம்மதத்தை மருத்துவர் அணியும் குண்டு துளைக்காத சட்டைக்கு ஒப்பிட்டு மாற்றிக்கொண்டார். மருத்துவருக்கு ஒரு சட்டை போதும். அதைப் பிள்ளையிடம் வாங்கினாலும் சரி, பெற்றோரிடம் வாங்கினாலும் சரி. விளைவு இதுதான்: பிள்ளை வேண்டாம் என்றாலும் பெற்றோரோ நீதிமன்றமோ சரி என்றால் சிகிச்சை நடக்கலாம். உவமை திருத்தப்பட்டதே தவிர, உறுத்தல் போகவில்லை. தன் முடிவை மருத்துவர் ஒத்துக்கொள்ளும்போது மட்டும் முதிர்ந்தவளாகவும், எதிர்க்கும்போது சிறுமியாகவும் ஒரு பெண்ணை நடத்துவது எந்த வகை மரியாதை என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் வந்த 15 வயதுப் பையன் ஒருவன், ரத்தம் ஏற்றிக்கொள்வதைத் தவறென்று கருதும் யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்தவன், ரத்தம் ஏற்ற மறுத்தான். பெற்றோரும் அவன் பக்கமே. 1990-இல் ஆங்கிலேய நீதிமன்றம், சாவு எப்படி வரும் என்பதை அவன் முழுதாக உணரவில்லை என்று கூறி ரத்தம் ஏற்ற உத்தரவிட்டது. ஏற்றினார்கள். அவன் 18 வயதை எட்டியபின் மீண்டும் மறுத்தான். இம்முறை தடுக்கச் சட்டத்தில் வழியில்லை. இறந்துபோனான். இந்தக் கதையை இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்கிறார்கள். அவன் மனம் 15-இலேயே உறுதியாக இருந்தது, பாருங்கள் என்பார் ஒருவர். அந்த இடைப்பட்ட ஆண்டுகளாவது வாழ்ந்தானே என்பார் மற்றவர். எனக்கு இரண்டுமே சரியாகப் படுகின்றன. அதனால்தான் இது கடினமான கேள்வி.

கனடாவின் உச்ச நீதிமன்றம் 2009-இல் இன்னொரு வழியைக் காட்டியது. 14 வயதுப் பெண், அதே சமய நம்பிக்கை, குடல் நோயால் உள்ளே ரத்தக் கசிவு. கீழ் நீதிமன்ற உத்தரவுப்படி ரத்தம் ஏற்றப்பட்டு அவள் பிழைத்துக்கொண்டாள். தன் உரிமை மீறப்பட்டதென்று வழக்கை மேலே கொண்டுபோனாள். அப்படி உத்தரவிட இடம் தந்த சட்டம் செல்லும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். ஆனால் பிள்ளையின் நலன் எது என்று நீதிபதி தீர்மானிக்கும்போது, அவளுடைய முதிர்ச்சி கூடக்கூட அவள் விருப்பத்தின் எடையும் கூட வேண்டும் என்றார்கள். முடிவு எத்தனை பாரதூரமானதோ அத்தனை நுணுக்கமாக அந்த முதிர்ச்சியைச் சோதிக்க வேண்டும். தேய்ந்துகொண்டே போகும் உரிமை என்று டென்னிங் சொன்னாரே, அதன் மறுபக்கம் இது: வளர்ந்துகொண்டே போகும் குரல்.

குரல் என்ற சொல்லுக்கு ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுச் சிறார் உரிமை உடன்படிக்கையில் இடமுண்டு. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது அதன் 12-ஆம் பிரிவு. மருத்துவச் சம்மதத்துக்கென்று எந்த வயதையும் அது விதிக்கவில்லை. ஆனால் சம்மதிக்கத் தகுதியில்லாத 7 வயதுப் பிள்ளையையும் இது தொடுகிறது. சம்மதத்துக்கும் மௌனத்துக்கும் நடுவே ‘உடன்பாடு’ என்ற படி இருக்கிறது. சட்டப்படி அம்மாவின் கையெழுத்து போதும். ஆனாலும் குழந்தையிடம் ஊசி குத்தும், இவ்வளவு நேரம் வலிக்கும், எந்தக் கையில் போடலாம் என்று கேட்டு இணக்கம் பெறுவது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 1995-லேயே இதை வலியுறுத்தியது. இதில் நேர்மையாக நடந்துகொள்ள ஒரே விதிதான்: ‘வேண்டாம்’ என்ற பதிலை மதிக்கப்போவதில்லை என்றால் ‘போடலாமா?’ என்று கேட்காதீர்கள். ‘போட வேண்டியிருக்கிறது, எப்படிப் போடலாம்?’ என்று கேளுங்கள்.

கடைசியாக ரகசியம். யார் சம்மதிக்கலாம் என்பதும் யாருக்குத் தெரியலாம் என்பதும் தனித்தனிக் கேள்விகள். தானே சம்மதிக்கும் உரிமையைத் தந்துவிட்டு, பெற்றோருக்குத் தகவல் சொல்ல மருத்துவரை அனுமதிக்கும் சட்டங்கள் உண்டு. சட்டம் வாயை மூடினாலும் காகிதம் பேசிவிடும்: பரிசோதனைக்கான கட்டண விவரம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து அப்பாவின் பெயருக்கு வீட்டுக்கு வரும், அல்லது குடும்பமே பார்க்கும் இணையக் கணக்கில் முடிவுகள் ஏறும். எந்த மருத்துவராலும் காக்க முடியாத ரகசியங்களும் இருக்கின்றன. பிள்ளை தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்தில் இருந்தாலோ வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ உரியவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், 18 வயதுக்குக் கீழிருப்பவருக்கு எதிரான பாலியல் குற்றத்தைத் தெரிவிப்பதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. அதற்குப் பயந்து கர்ப்பிணிச் சிறுமிகள் மருத்துவமனைக்கு வராமல் போகிறார்கள் என்ற கவலையைக் கருத்தில் கொண்டு, 2022-இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு விஷயத்தில் ஒரு தளர்வு தந்தது. சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தெரிவிக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சேர்க்கத் தேவையில்லை.

இதனால்தான் பதின்வயதினரைப் பார்த்துப் பழகிய மருத்துவர்கள், சந்திப்பின் ஒரு பகுதியில் பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்கிறார்கள். பெற்றோர் அதைத் தங்கள்மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எல்லாக் குடும்பத்திடமும் அப்படித்தான் சொல்வார்கள். கதவு சாத்தியதும் பிள்ளை கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு: ‘நான் சொல்லப்போவதில் எதையெல்லாம் நீங்கள் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்?’ நல்ல மருத்துவர் என்றால் பிள்ளை கேட்கும் முன்பே, எந்த ரகசியமும் வாயிலிருந்து வருவதற்கு முன்பே, அதற்குப் பதில் சொல்லிவிட்டிருப்பார்.